படைப்பும் பரிணாமமும்: வகுப்பறையில் நிற்கும் ஆசிரியர்

உயிரியல் ஆசிரியரிடம் மாணவர்கள் கேட்கும் கேள்விகளுள் மிகக் கடினமானது எது? இதயம் எவ்வாறு இயங்குகிறது என்பதன்று. இலை ஏன் பச்சையாக இருக்கிறது என்பதுமன்று. "மனிதனைக் கடவுள் படைத்தார் என்று வீட்டில் சொல்கிறார்கள். மனிதன் வேறு உயிரினங்களிலிருந்து தோன்றினான் என்று பாடநூல் சொல்கிறது. இரண்டில் எது உண்மை, ஐயா?" என்ற கேள்விதான் அது. கேட்கும் குழந்தை கிறிஸ்தவக் குடும்பத்தைச் சேர்ந்ததாகவும், விடை சொல்ல வேண்டிய ஆசிரியரும் கிறிஸ்தவராகவும் இருப்பின், அக்கேள்வியின் கனம் இன்னும் மிகுகிறது. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தைப் பக்தியுடன் கேட்கும் அதே ஆசிரியர், திங்கட்கிழமை வகுப்பறையில் உயிரினங்களின் பரிணாமத்தைக் கற்பிக்க வேண்டியிருக்கிறது. இவ்விரண்டையும் அவர் எவ்வாறு ஒருங்கே ஏந்திச் செல்கிறார் என்பதையே இன்று நாம் சிந்திக்க எடுத்துக்கொண்டோம்.

நேயர்களே, இது பிறர் வீட்டு விவகாரம் என்று நாம் ஒதுக்கிவிட இயலாது. பிழைப்பை முன்னிட்டுத் தில்லி, மும்பை, கொல்கத்தா, நாகபுரி எனப் பல நகரங்களில் குடியேறியுள்ள தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளுட் பலர் கிறிஸ்தவ சபைகள் நடத்தும் பள்ளிகளில் பயில்கின்றனர். அவர்களுள் கிறிஸ்தவரும் உண்டு. இந்துக்களும் முஸ்லிம்களும் உண்டு. ஒவ்வொரு வீட்டிலும் உலகம் தோன்றிய வரலாறு ஒவ்வொரு விதமாகச் சொல்லப்படுகிறது. வீட்டு மொழி ஒன்று, பள்ளி மொழி வேறொன்று என நாள்தோறும் இரு மொழிகளைக் கையாளும் அக்குழந்தைகள், வீட்டு நம்பிக்கையையும் பள்ளிப் பாடத்தையும் அவ்வாறே கையாள வேண்டியவர்களாக இருக்கின்றனர். ஆதலின், கிறிஸ்தவ ஆசிரியர்கள் இச்சிக்கலை எதிர்கொண்ட வரலாறு நம் எல்லோருக்கும் பயன் தருவதாகும்.

முதலில் சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். பல வழக்குகள் சொற்குழப்பத்தால் விளைபவை என்பது மொழிபெயர்ப்புப் பணியில் இருக்கும் நாம் அனுபவத்திற் கண்டது. 'பரிணாமம்' என்பது சாங்கிய தத்துவத்தில் நெடுங்காலமாக வழங்கிவரும் சொல். பால் தயிராவது போல ஒரு பொருள் வேறொரு நிலையை அடைவதை அது அங்கே குறித்தது. விஞ்ஞானத்தில் அச்சொல் குறிப்பது வேறு. ஓர் உயிரினக் கூட்டத்தில் பரம்பரையாக இறங்கிவரும் பண்புகள் தலைமுறை தலைமுறையாக மாறிவருவதையும், இன்றுள்ள உயிரினங்கள் பொது மூதாதையரிலிருந்து கிளைத்தவை என்பதையும் அது உணர்த்துகிறது. ஒரு தனி விலங்கு தன் வாழ்நாளிலேயே வேறு விலங்காக மாறிவிடும் என்று எந்த விஞ்ஞானியும் கூறுவதில்லை.

'படைப்பு' என்ற சொல்லுக்கும் இரு பொருள்கள் உண்டு. உலகம் தன் இருப்புக்கு இறைவனைச் சார்ந்து நிற்கிறது என்ற நம்பிக்கை ஒன்று. ஆறு நாட்களில், ஒவ்வோர் உயிரினமும் இன்றுள்ள உருவிலேயே தனித்தனியாக உண்டாக்கப்பட்டது என்ற கருத்து மற்றொன்று. முதற்பொருளில் படைப்பை நம்புவோர் அனைவரும் இரண்டாம் பொருளிலும் நம்புவோர் அல்லர். அடுத்து, 'கோட்பாடு' என்ற சொல். ஆங்கிலத்தில் 'தியரி' என்பர். பேச்சு வழக்கில் அது வெறும் ஊகத்தைக் குறிக்கும். விஞ்ஞானத்திலோ, பல துறைச் சான்றுகளை ஒன்றிணைத்து, சோதனைகளைத் தாங்கி நிற்கும் விளக்கத்திற்கே அப்பெயர் உரியது. அணுக் கோட்பாடு எவ்வாறு வெறும் ஊகம் அன்றோ, அவ்வாறே பரிணாமக் கோட்பாடும் வெறும் ஊகம் அன்று.

இனி, வரலாற்றைச் சிறிது நோக்குவோம். சார்லஸ் டார்வினின் 'உயிரினங்களின் தோற்றம்' 1859-ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதனைக் கிறிஸ்தவர் யாவரும் ஒருமுகமாக எதிர்த்தனர் என்ற எண்ணம் பரவலாக நிலவுகிறது. உண்மை அவ்வாறன்று. அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக் கழகத்தில் தாவரவியல் போதித்தவர் ஆசா கிரே. பள்ளி மாணவர்களுக்குத் தாவரவியற் பாடநூல்கள் எழுதியவர். ஆழ்ந்த கிறிஸ்தவ நம்பிக்கை உடையவர். நூல் வெளிவருவதற்கு இரண்டாண்டுகள் முன்னரே, 1857-இல், டார்வின் தம் கருத்தின் சுருக்கத்தைக் கடிதமாக எழுதி அனுப்பிய மிகச் சிலருள் அவரும் ஒருவர். 1860-இல் டார்வினின் நூலை ஆதரித்து அமெரிக்க இதழொன்றில் அவர் எழுதிய கட்டுரைகள், டார்வினின் உதவியுடன் இங்கிலாந்தில் சிறு நூலாகப் பரவின. உயிரினங்களில் தோன்றும் மாறுபாடுகளை இறைவன் நெறிப்படுத்துகிறான் என்று கிரே கருதினார். டார்வினால் அதனை ஏற்க முடியவில்லை. இருப்பினும் இருவரின் நட்பு குன்றவில்லை. கருத்து வேற்றுமையை வைத்துக்கொண்டே சேர்ந்து ஆராய முடியும் என்பதற்கு அவர்தம் கடிதங்களே சான்று.

பரம்பரை விதிகளைக் கண்டறிந்த கிரிகோர் மெண்டலோ துறவியாகவே வாழ்ந்தவர். இன்றைய செக் நாட்டிலுள்ள பிரனோ நகரின் அகஸ்தீன் மடத்தில் இருந்துகொண்டு, அந்நகரப் பள்ளியில் பல ஆண்டுகள் பௌதிகமும் இயற்கை வரலாறும் கற்பித்தார். நிலையான ஆசிரியருக்குரிய தேர்வில் இருமுறை தோற்றவர் என்பதும் குறிப்பிடத் தக்கது. மடத்துத் தோட்டத்தில் ஏறத்தாழ 28,000 பட்டாணிச் செடிகளை வளர்த்து அவர் கண்ட முடிவுகள் 1866-இல் அச்சேறின. டார்வின் நூலின் ஜெர்மன் மொழிபெயர்ப்பை அவர் வாங்கிப் படித்து, ஓரங்களில் குறிப்பும் எழுதியிருக்கிறார். 1900-இல் அவருடைய விதிகள் மீண்டும் கண்டறியப்பட்டன. பின்னர் அவை டார்வினின் கோட்பாட்டோடு இணைந்து இன்றைய பரிணாம இயலுக்கு அடித்தளமாயின.

அவ்வாறாயின் பூசல் எங்கே தொடங்கியது? 1925-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டென்னசி மாநிலம், மனிதன் கீழ்நிலை விலங்குகளிலிருந்து தோன்றினான் என்று அரசுப் பள்ளிகளிற் கற்பிப்பதைத் தடை செய்தது. அச்சட்டத்தை மீறியதாக, டேட்டன் என்ற சிற்றூரில் ஜான் ஸ்கோப்ஸ் என்ற இளம் ஆசிரியர் மீது அவ்வாண்டு ஜூலையில் வழக்கு நடைபெற்றது. 100 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. 1927-இல் மேல்மன்றம் நடைமுறைப் பிழையொன்றைக் காட்டி அத்தீர்ப்பை நீக்கியது. சட்டமோ 1967 வரை நிலைத்திருந்தது.

அவ்வழக்கில் சட்டத்தின் பக்கம் நின்று வாதாடிய வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன் மூன்று முறை அமெரிக்க ஜனாதிபதி பதவிக்குப் போட்டியிட்டவர். அவரை வெறும் பழமைவாதி என்று எள்ளி நகையாடுவது பலர்க்கு வழக்கமாகிவிட்டது. வலியோர் எளியோரை நசுக்குவது இயற்கை நியதி என்ற எண்ணம் மாணவர் மனத்தில் வேரூன்றிவிடுமோ என்பதும் அவருடைய அச்சங்களுள் ஒன்று. அது முழுதும் ஆதாரமற்றதும் அன்று. டேட்டனில் வழங்கிய பாடநூல், மனித இனங்களை உயர்வு தாழ்வாக வரிசைப்படுத்தியது. குறைபாடுடையோர் பிள்ளை பெறாமல் தடுக்க வேண்டும் என்ற கருத்தையும் உடன் கற்பித்தது. இன்றைய உயிரியல் அவ்விரண்டையும் தள்ளிவிட்டது. ஆயினும் நல்ல ஆசிரியர் ஒருவர் இதிலிருந்து பெற வேண்டிய பாடம் உண்டு. பெற்றோரின் அச்சத்திற்குப் பின்னால் அறியாமை மட்டுமே இருப்பதாக எண்ணிவிடலாகாது. குழந்தையின் ஒழுக்கம் குறித்த கவலையும் அங்கே இருக்கக்கூடும்.

டேட்டன் வழக்கிற்குப் பின் பல பாடநூல்களில் பரிணாமம் சுருங்கியது. சிலவற்றில் அச்சொல்லே மறைந்தது. 1957-இல் சோவியத் நாடு செயற்கைக் கோளை ஏவிய பிறகே, அமெரிக்கப் பள்ளிகளின் விஞ்ஞானப் பாடங்கள் திருத்தி அமைக்கப்பட்டன. அந்நிலையில்தான் சூசன் எப்பர்சன் என்ற ஆசிரியையின் வழக்கு எழுந்தது. அவர் ஆர்கன்சா மாநிலத்தின் லிட்டில் ராக் மத்திய உயர்நிலைப் பள்ளியில் உயிரியல் கற்பித்தவர். பிரெஸ்பிட்டேரியன் சபையைச் சேர்ந்த கிறிஸ்தவர். அவருடைய தந்தையாரும் அச்சபையைச் சார்ந்த கல்லூரி ஒன்றில் உயிரியல் போதித்தவர். 1965-இல் பள்ளி நிர்வாகம் தந்த புதிய பாடநூலில் பரிணாமம் பற்றிய அதிகாரம் இருந்தது. ஆனால் 1928-ஆம் ஆண்டின் மாநிலச் சட்டமோ, அதனைக் கற்பிக்கும் ஆசிரியர் வேலையை இழப்பார் என்றது. நூலைப் பயன்படுத்தினால் குற்றம். பயன்படுத்தாவிடில் கடமை தவறுதல். இந்நிலையில் அவர் நீதிமன்றத்தை நாடினார். 1968 நவம்பரில் அமெரிக்கத் தலைமை நீதிமன்றம் அச்சட்டம் செல்லாது எனத் தீர்ப்பளித்தது.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. பரிணாமத்தைக் கற்பிக்கும் உரிமைக்காக வழக்குத் தொடுத்தவர் மதத்தை மறுத்தவர் அல்லர். தேவாலயத்திற்குச் செல்லும் ஓர் இளம் ஆசிரியை. தம் நம்பிக்கையைக் காக்க மாணவர்களின் அறிவைக் குறைக்க வேண்டும் என்று அவர் எண்ணவில்லை.

1973-இல், அமெரிக்க உயிரியல் ஆசிரியர்களுக்கான இதழில் தியோடோசியஸ் டாப்ஜான்ஸ்கி என்ற மரபியல் அறிஞர் ஒரு கட்டுரை எழுதினார். உக்ரேனிற் பிறந்து அமெரிக்காவிற் குடியேறிய அவர் கீழைத் திருச்சபையைச் சேர்ந்தவர். பரிணாமத்தின் ஒளியில் பார்த்தாலன்றி உயிரியலில் எதுவும் பொருள்படாது என்பது அக்கட்டுரையின் தலைப்பிலேயே அமைந்த கருத்து. அக்கட்டுரையிலேயே, தாம் படைப்பையும் நம்புபவர், பரிணாமத்தையும் ஏற்பவர் என்றும், பரிணாமமே இறைவன் படைக்கும் முறை என்றும் அவர் விளக்கினார். கத்தோலிக்கத் திருச்சபையும் இத்துறையில் நிதானமாகவே அடியெடுத்து வைத்தது. 1950-இல் பன்னிரண்டாம் பத்திநாதர், மனித உடலின் தோற்றம் குறித்துப் பரிணாம நோக்கில் ஆராய்வதற்குத் தடையில்லை என்றும், ஆன்மா இறைவனால் நேரடியாகப் படைக்கப்படுகிறது என்றும் எழுதினார். 1996-இல் இரண்டாம் ஜான் பால், பரிணாமம் கருதுகோள் என்ற நிலையைக் கடந்துவிட்டது என்றார்.

எல்லாக் கிறிஸ்தவ ஆசிரியர்களும் இவ்வழியில் நிற்கின்றனர் என்று சொல்வதற்கில்லை. ஆதியாகமத்தின் ஆறு நாட்களை இருபத்துநான்கு மணி நேர நாட்களாகவே கொள்வோரும், பூமியின் வயது சில ஆயிரம் ஆண்டுகளே என்போரும் உளர். 1961-இல் வெளிவந்த, நோவாவின் வெள்ளத்தைக் கொண்டு பாறை அடுக்குகளை விளக்க முயன்ற ஒரு நூல் அவர்களிடையே பெரிதும் பரவிற்று. 'படைப்பு விஞ்ஞானம்' என்ற பெயரில் அதனைப் பரிணாமத்தோடு சமமாகக் கற்பிக்க வேண்டும் என்ற லூயிசியானா மாநிலச் சட்டத்தை 1987-இல் தலைமை நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. பின்னர் அக்கருத்து 'அறிவார்ந்த வடிவமைப்பு' என்ற புதுப் பெயருடன் வந்தது. பென்சில்வேனியா மாநிலத்தின் டோவர் என்னும் ஊரில், அதனைக் குறிப்பிடும் அறிக்கையொன்றை உயிரியல் வகுப்பில் படிக்க வேண்டுமென்று பள்ளி வாரியம் கட்டளையிட்டது. 2005 ஜனவரியில் விஞ்ஞான ஆசிரியர்கள் அதனைப் படிக்க மறுத்தனர். மாணவர்களிடம் உண்மைக்கு மாறானதைக் கூறுவது தம் தொழில் அறத்திற்கு ஒவ்வாது என்பது அவர்கள் கூறிய காரணம். அதிகாரிகளே வந்து படிக்க நேர்ந்தது. பெற்றோர் தொடுத்த வழக்கில் அவ்வாண்டு டிசம்பர் 20-ஆம் நாள் வாரியத்திற்கு எதிராகத் தீர்ப்பு வந்தது.

அவ்வழக்கில் பெற்றோர் தரப்பின் முதல் நிபுணர் சாட்சி கென்னத் மில்லர். பிரவுன் பல்கலைக் கழக உயிரியல் பேராசிரியர், அப்பள்ளியில் வழங்கிய உயிரியற் பாடநூலின் ஆசிரியர் இருவருள் ஒருவர், கத்தோலிக்கர். தம் நம்பிக்கையை அவர் சான்றாகக் காட்டவில்லை; குரோமோசோம்களைக் காட்டினார். மனிதனுக்கு 46 குரோமோசோம்கள். சிம்பன்சிக்கும் கொரில்லாவுக்கும் 48. பொது மூதாதையர் உண்டெனில், குறைந்த ஓர் இணை எங்கே போயிற்று? மனிதனின் இரண்டாம் குரோமோசோமின் நடுவே, வழக்கமாக நுனிகளில் மட்டும் காணப்படும் அமைப்பு இருக்கிறது. இரண்டு குரோமோசோம்கள் நுனியோடு நுனி ஒட்டி ஒன்றானதன் தழும்பு அது. கோட்பாடு ஒன்றை எதிர்பார்க்கச் செய்தது. ஆய்வு அதனைக் கண்டது. விஞ்ஞானம் நடைபெறும் முறையை மாணவர் உணர்வதற்கு இதனினும் எளிய எடுத்துக்காட்டு அரிது.

இவ்வழக்குகளெல்லாம் பேரொலி எழுப்பின. எனினும் வகுப்பறையின் பெரிய ஆபத்து ஒலியில் இல்லை, மௌனத்திலேதான் இருக்கிறது. அமெரிக்க அரசுப் பள்ளிகளின் உயிரியல் ஆசிரியர்கள் 926 பேரிடம் நடத்திய ஆய்வின் முடிவுகள் 2011-இல் வெளியாயின. அவர்களுள் 28 விழுக்காட்டினர் பரிணாமத்தைச் செவ்வனே கற்பித்தனர். 13 விழுக்காட்டினர் படைப்புவாதத்தை வெளிப்படையாக ஆதரித்தனர். எஞ்சிய ஏறத்தாழ 60 விழுக்காட்டினர் இரு பக்கமும் சாராது, பூசலுக்கு அஞ்சி, பாடத்தை மேலோட்டமாக நடத்திச் சென்றனர். பின்னாளில் நிலைமை சற்றுத் திருந்தியிருக்கிறது. விஞ்ஞானிகளின் ஒருமித்த முடிவாகப் பரிணாமத்தை வலியுறுத்தி, படைப்புவாதத்திற்கு இடமளிக்காமல் கற்பிப்போர் 2007-இல் 51 விழுக்காடாக இருந்து 2019-இல் 67 விழுக்காடாக உயர்ந்தனர். மௌனம் சாதிக்கும் ஆசிரியர் யாரையும் புண்படுத்துவதில்லை என்பது உண்மைதான். ஆனால் குழந்தையின் கேள்வி அங்கே அநாதையாக நிற்கிறது. விடை தேடி அது பிறரிடம் செல்லும். அப்பிறர், இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்று கட்டாயப்படுத்துவோராகவும் இருக்கலாம்.

அவ்வாறாயின் நல்ல ஆசிரியர் செய்வது என்ன? முதலாவதாக, கேள்விகளைப் பிரித்துக் காட்டுகிறார். நம் வாயிலில் ஒரு கோலம் இருக்கிறது. மாவு எதனால் ஆனது, புள்ளிகள் எத்தனை, கோடு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பவை ஒருவகைக் கேள்விகள். அதனை இட்டவர் எதற்காக இட்டார், யாரை வரவேற்க இட்டார் என்பவை வேறுவகைக் கேள்விகள். முதல் வகைக்கு விடை காண உருப்பெருக்கியும் அளவுகோலும் வேண்டும். இரண்டாவதற்கு அவை உதவா. ஒன்றுக்குக் கிடைத்த விடை மற்றொன்றைப் பொய்யாக்குவதில்லை.

இரண்டாவதாக, சான்றுகளை முழுமையாக எடுத்துரைக்கிறார். நம்பிக்கைக்கு அஞ்சி எதனையும் மறைப்பதில்லை. மூன்றாவதாக, "இதனை நீ நம்பியே ஆக வேண்டும்" என்று மாணவனை நெருக்குவதில்லை. "இதனைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும்" என்றே கேட்கிறார். நான்காவதாக, எந்த வீட்டின் வேதத்தையும் ஏளனம் செய்வதில்லை. சமய நம்பிக்கையுள்ள விஞ்ஞானிகளைப் பற்றியும் எடுத்துக்கூறிப் பரிணாமத்தைக் கற்பித்தால், இரண்டும் பகை என்று எண்ணும் மாணவரின் தொகை கணிசமாகக் குறைகிறது என்று அமெரிக்காவில் நடந்த ஆய்வொன்று 2017-இல் காட்டியிருக்கிறது.

இவ்வாறு பிரித்துவிட்டால் எல்லாச் சிக்கலும் தீர்ந்துவிடும் என்று நாம் கூறவில்லை. ஆதாம் ஏவாள் வரலாற்றை எவ்வாறு கொள்வது, கோடிக்கணக்கான ஆண்டுகள் உயிர்கள் பட்ட துன்பத்திற்கு என்ன பொருள் என்பன போன்ற வினாக்கள் கிறிஸ்தவச் சிந்தனையாளரை இன்னும் வருத்துகின்றன. டார்வினே, பிற பூச்சிகளின் உடலைத் தின்று வளரும் குளவிப் புழுக்களைச் சுட்டி, கிரேயிடம் தம் ஐயத்தை 1860-இல் எழுதினார். அவ்வினாக்களுக்குரிய இடம் வேத வகுப்பும் தத்துவ வகுப்பும் வீட்டுத் திண்ணையுமாகும். உயிரியல் வகுப்பு அவற்றை மறைக்கவும் வேண்டியதில்லை. தானே தீர்த்துவிட்டதாகப் பாசாங்கு செய்யவும் வேண்டியதில்லை.

நம் நாட்டிலும் இம்மரபுக்கு வேர் உண்டு. மும்பை புனித சேவியர் கல்லூரியில் தாவரவியல் போதித்த ஏசு சபைத் துறவி சந்தாபாவ், 1960-களில் இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் இயக்குநராக விளங்கினார். திருச்சி புனித வளனார் கல்லூரியில் துறவி மத்தேயு தமிழகத்துச் செடிகொடிகளைப் பல்லாண்டு திரட்டிப் பெருநூல்களாக வகுத்தார். பரிணாமத்தின் சான்றுகளும் நம் மண்ணிலேயே கிடக்கின்றன. குஜராத்தின் கட்சுப் பகுதியில் நான்கு கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட ஆதித் திமிங்கிலங்களின் புதைபடிவங்கள் கிடைத்துள்ளன. காஷ்மீரில் இந்தியப் புவியியல் அறிஞர் ரங்கா ராவ் திரட்டிய பாறைகளில் இருந்த, குளம்புடைய ஒரு சிறு விலங்கு திமிங்கிலத்திற்கு நெருங்கிய உறவுடையது என்று 2007-இல் தெரியவந்தது.

2023-இல், பாடச் சுமையைக் குறைப்பதாகக் கூறி, மத்தியப் பாடத்திட்டத்தின் பத்தாம் வகுப்பு விஞ்ஞான நூலிலிருந்து பரிணாமப் பகுதி நீக்கப்பட்டது. 1,800-க்கு மேற்பட்ட விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் அதனை மறுத்துக் கடிதம் வெளியிட்டனர். பன்னிரண்டாம் வகுப்பு உயிரியலில் அப்பாடம் உண்டு. ஆனால் பத்தாம் வகுப்போடு விஞ்ஞானத்தை விட்டுவிடும் மாணவர் அதனைப் பெறாமற் போவர். ஆகவே அந்த இடைவெளியை நிரப்பும் பொறுப்பு ஆசிரியர்க்கும் பெற்றோராகிய நமக்கும் உரியதாகிறது.

பள்ளியிலிருந்து திரும்பும் குழந்தை நாளை நம்மிடமே அந்தக் கேள்வியைக் கேட்கலாம். அப்போது, "பாடநூலில் உள்ளதைத் தேர்வுக்கு எழுதிவிட்டு மறந்துவிடு" என்று சொல்வது அறிவுக்குச் செய்யும் அநீதி. "வீட்டில் சொல்வதெல்லாம் பழங்கதை" என்று சொல்வது குழந்தையின் நம்பிக்கைக்குச் செய்யும் அநீதி. விஞ்ஞானம் கண்டதை முழுமையாகக் கற்றுக்கொள், உன் நம்பிக்கையை மரியாதையுடன் ஆராய்ந்து கொள், எதனையும் கேட்க அஞ்சாதே என்று சொல்வதே முறை. சூசன் எப்பர்சன் போன்ற ஆசிரியர்கள் வேலையை இழக்கவும் துணிந்து காத்தது, குழந்தைகள் கேட்டு அறியும் உரிமையையே ஆகும். அவ்வுரிமையை நம் வீடுகளிலும் காப்போமாக.